கூலி யார் கொடுப்பது?

(ஒரு கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கம்ப்யூட்டர் சம்பந்தமான விஷயம். "நமக்கும் அதற்கும் என்ன?" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். உங்கள் சட்டைப்பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் லினக்ஸ் என்ற சாஃப்ட்வேர் ஓடுகிறது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். இவ்விதமானவைகளுக்கு ஓபன் சோர்ஸ் என்று பெயர். இதில்தான் இப்போது பணச்சண்டை.

நம்மூர் வைத்தியர்களில் சிலர் மருந்து முறையைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாமல் செத்தார்கள். மருந்தும் கூடவே செத்தது. சாஃப்ட்வேர் முதலாளிகள் பிடித்ததும் இந்த வழியே. 1976-ல் பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தம் சரக்கைக் காசு கொடுக்காமல் பிரதியெடுக்கிறார்கள், வந்த வருமானம் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று புலம்பினார். உழைத்தவன் கூலி கேட்பதில் தப்பில்லை. ஆனால் கூலி கேட்பது வேறு. அறிவைப் பூட்டிவைத்துச் சாவிக்கு வாடகை கேட்பது வேறு.

1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் பூட்டே கூடாது என்று கிளம்பினார். அவர் இனாமாகக் கொடு என்றா சொன்னார்? இல்லை. ஈமாக்ஸ் என்ற தம் சாஃப்ட்வேரின் டேப்பை 150 டாலருக்கு விற்றார். வாங்கியவன் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். இங்கிலீஷில் சுதந்திரத்துக்கும் இனாமுக்கும் ஒரே வார்த்தையாக இருப்பதால் அங்கே குழப்பம். நமக்கு இரண்டு வார்த்தை இருந்தும் குழம்புகிறோமே, அதற்கு என்ன சொல்லுவது!

சரி, இனாமென்று எண்ணியதின் பலன் என்ன? ஓபன்எஸ்எஸ்எல் என்று ஒன்று உண்டு. இன்டர்நெட்டில் நீங்கள் அனுப்பும் பாஸ்வேர்டு, பாங்கிக் கணக்கு முதலியவைகளைப் பிறர் கண்ணில் படாமல் கொண்டுபோவது அதன் வேலை. உலகத்துப் பெரிய கம்பெனிகளெல்லாம் அதன் மேல் கடை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தன. அதற்கு வந்த நன்கொடையோ வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர்! முழு நேரம் உழைத்தவர் ஒரே ஒருவர். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை அதில் வெளிப்பட்டது. இரண்டு வருஷமாக யாரும் கவனிக்காத ஓட்டை! அப்புறம்தான் கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் முதலிய கனவான்கள் ஆளுக்கு வருஷம் லட்சம் டாலர் வீதம் 3 வருஷத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டுகிற புத்தி இதுதான்.

"அப்படியானால் லைசென்சை இறுக்கிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். எலாஸ்டிக் கம்பெனி 2021-ல் அப்படித்தான் செய்தது. அதன் தேடும் சாஃப்ட்வேரை அமேசான் தன் மெஷின்களில் ஓட்டி வாடகைக்கு விட்டுப் பணம் பண்ணியது என்பது அதன் கோபம். கோபம் நியாயமே. நடந்ததென்ன? பழைய பிரதியை எடுத்து, ஓபன்சர்ச் என்று வேறு பெயர் வைத்து அமேசான் தானே நடத்திக்கொண்டது. பெரிய வியாபாரிக்குச் சமையல்காரன் பஞ்சமா? நிபந்தனையைக் கண்டு பயந்தவன் சின்னக் கடைக்காரனே. 2024-ல் எலாஸ்டிக் ஓபன் சோர்ஸ் லைசென்சையும் மறுபடி சேர்த்துக்கொண்டது. ரெடிஸ் என்பதும் 2024-ல் பூட்டி 2025-ல் திறந்தது.

பூட்டாமல் பிழைக்க முடியாது என்பதும் பொய். ரெட் ஹாட் கம்பெனி லினக்ஸை வைத்துப் பழுதுபார்ப்புக்கும் பொறுப்புக்கும் சந்தா வாங்கியே வளர்ந்தது. 2019-ல் ஐ.பி.எம். அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் எல்லாச் சாஃப்ட்வேருக்கும் அப்படிச் சந்தாக்காரர் கிடைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடப்பவைகளுக்குக் கிடைப்பதே இல்லை. ஆதலால் தின்கிறவன் கொடுக்கவேண்டும் என்கிறோம்.

இங்கே கம்பெனி உத்தியோகத்திலுள்ள வாலிபர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் கம்பெனி எந்தெந்த ஓபன் சோர்ஸை உபயோகிக்கிறது, எழுதியவர்களுக்குப் போன வருஷம் எவ்வளவு கொடுத்தது என்று முதலாளியைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்பதை அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.