ஊசி பயம் போக்குவோம்



ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, நர்சம்மா வரும் நாளெல்லாம் சோளக்காட்டுக்குப் போய்விடுவாள். "ஏம்மா இப்படி ஒளியறே?" என்று கேட்டேன். "ஊசியைப் பார்த்தாலே கண்ணு இருட்டுதுங்க. போன தடவை மயங்கி விழுந்துட்டேன். ஊரே சிரிச்சிச்சு" என்றாள். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரும் சிரித்தார். "நீங்க சிரிக்காதீங்க தம்பி, இது சிரிக்கிற விஷயம் இல்லே" என்றேன்.

அவள் பயந்தது ஊசிக்கு மட்டும்தான். தப்பிப்போனதோ மொத்தப் பரிசோதனையும்! இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. இரத்த சோகை உண்டா என்று தெரியவில்லை. ரணஜன்னித் தடுப்பூசியும் போடவில்லை. ஒரு காலத்தில் நம் நாட்டில் எத்தனையோ பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோன நோய் அது. தாய்மார்களுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிப்பு நிலைக்கு வந்துவிட்டது என்று 2015-இல் உறுதி செய்யப்பட்டது. ஆனால் அதன் கிருமி இன்னும் மண்ணில் இருக்கிறது. தடுப்பூசியை விட்டால் நோய் திரும்ப வரும்.

ஊசியைக் கண்டு மயங்குவது கோழைத்தனமா? இல்லவே இல்லை. பாம்பைக் கண்டு பயந்தால் நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வராது. ஊசிக்கும் இரத்தத்துக்கும் பயப்படும் சிலருக்கு மட்டும், ஏறிய அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் இரத்தம் குறையும், கண் இருட்டும். இது பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. கடா மீசை வைத்த ஆம்பிளைகளும் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்குச் சுலபமான பயிற்சி உண்டு. சுவீடன் நாட்டு மனநல அறிஞர்கள் 1980-களில் வகுத்தது. உட்கார்ந்துகொண்டு, கை முஷ்டியையும் கால் தொடையையும் இறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறும்வரை, அதாவது 10 முதல் 15 விநாடி, அப்படியே இருங்கள். பிறகு விடுங்கள். அரை நிமிடம் கழித்து மறுபடியும் இறுக்குங்கள். இப்படி 5 தடவை. மூச்சை அடக்கக் கூடாது. கர்ப்பிணிகள் நர்சம்மாவைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும். வயிற்றை இறுக்க வேண்டாம். ஊசி போடும் கையைத் தளர்வாக விடுங்கள்.

இன்னொன்று. விலகி ஓட ஓடப் பயம் வளரும். கிட்டப் போகப் போகத் தேயும். ஆனால் ஒரேயடியாகப் போக வேண்டாம். கிணற்றில் இறங்குவது போலப் படிப்படியாகப் போங்கள். முதலில் ஊசிப் படத்தைப் பாருங்கள். அடுத்து, முள் இல்லாத ஊசிக் குழாயைக் கையில் பிடியுங்கள். பிறகு இன்னொருவர் போட்டுக்கொள்வதைப் பாருங்கள். கடைசியில் நீங்கள். ஒவ்வொரு படியிலும் படபடப்பு அடங்கும்வரை நின்று, அப்புறம் அடுத்த படிக்குப் போங்கள்.

கணவன்மார்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. கேலி செய்யாதீர்கள். கூட வாருங்கள். மயக்கம் வந்த கதையை நர்சம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். படுக்க வைத்தே ஊசி போடுவார்கள். தாய்மார்களே! "அழுதா ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். இந்தப் பயத்துக்கு நாமே வீட்டில் விதை போடுகிறோம்.

பயம் அளவு மீறி, தூக்கமும் வேலையும் கெட்டால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

அந்தக் கர்ப்பிணி என்ன ஆனாள் என்கிறீர்களா? தினமும் சாயங்காலம் திண்ணையில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முஷ்டியை இறுக்கிப் பழகினார்கள். இரண்டு வாரம் கழித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டாள். "பயம் இருந்துச்சுங்க, ஆனா விழலே" என்றாள். அது போதும். பயம் இருக்கலாம், அது நம்மைக் காட்டுக்குத் துரத்தக் கூடாது. அவ்வளவுதான்.