இணையத்தில் ஒரு பெயர்



வெள்ளவத்தைக் காலி வீதியிலே ஒரு கடையை வாடகைக்கு எடுப்பவர், குத்தகை உறுதியைப் படித்துப் பாராமற் கையொப்பம் இடுவதில்லை. கொட்டாஞ்சேனையிலே நான்கு பேர்ச் காணி வாங்குபவரும் நொத்தாரிசை நாடி, முன்னைய உறுதிகளைத் தேடுவித்த பின்னரே பணத்தைக் கொடுப்பார். இத்துணை விழிப்புடையவர்கள், தம் கடைக்கோ சங்கத்துக்கோ இணையத்தில் ஒரு பெயரைப் பெறும்போது மட்டும், "தம்பி, நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்று கணினி தெரிந்த ஓர் இளைஞரிடம் காசைக் கொடுத்துவிட்டு, அத்துடன் அதை மறந்துவிடுகிறார்கள்.

இணையத்திற் கணினிகள் ஒன்றையொன்று இலக்கங்களால் அறிகின்றன. மனிதருக்கோ பெயர் வேண்டும். தொடக்கத்திற் பெயர்களும் இலக்கங்களும் கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையம் பேணிய ஒரே பட்டியலில் அடங்கியிருந்தன. பட்டியல் பெருத்துவிடவே, 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பார் வகுத்த முறைப்படி அப்பொறுப்புப் பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் நாட்டுக்குரிய எல்.கே. என்னும் ஈறு 1990இற் கிடைத்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸ் அவர்கள் அதனைத் தோற்றுவித்து வளர்த்தவர். பாடசாலைகளுக்கென்றே அதனுள் எஸ்.சீ.எச். என்னும் தனிப் பிரிவும் உண்டு.

இப்பெயரை நாம் விலைக்கு வாங்குவதில்லை. 'வாங்கினேன்' என்று சொல்வது பேச்சு வழக்கே. உண்மையில் அது குத்தகை. டொட் கொம் பெயரை ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதியலாம். தவணை முடியுமுன் கட்டணம் செலுத்திப் புதுப்பித்தல் வேண்டும். அவ்வகைப் பெயர்களை விற்கும் பதிவு நிறுவனம், முடிவுத் திகதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்புதல் விதி. தவறினால் மீட்பதற்குச் சிறிது அவகாசம் உண்டு. ஆனால் மீட்புக் கட்டணம் பெரிது. அந்த அவகாசமும் கடந்தபின் பெயர் சந்தைக்கு வந்துவிடும். முதலிற் கேட்பவருக்கே அது உரியதாகும்.

நினைவூட்டல் யாருக்குப் போகிறது என்பதிலேதான் சிக்கல் இருக்கிறது. யான் அறிந்த ஒரு பழைய மாணவர் சங்கத்தின் கதை இது. பெயரைப் பதிந்த இளைஞர் தமது சொந்தப் பெயரையே உரிமையாளர் என்று எழுதினார். தமது கடனட்டையாற் பணம் செலுத்தினார். அவர் வஞ்சகர் அல்லர். படிவம் கேட்டதை நிரப்பினார், அவ்வளவே. சில ஆண்டுகளின் பின் கனடா சென்றார். அட்டையும் காலாவதியாயிற்று. நினைவூட்டற் கடிதங்கள் அவர் திறந்து பாராத ஒரு பழைய மின்னஞ்சற் பெட்டிக்குச் சென்று குவிந்தன. ஒரு நாட் காலை சங்கத்தின் தளத்தைத் திறந்தவர்கள் அங்கே சூதாட்ட விளம்பரத்தைக் கண்டார்கள். பழைய மாணவர்களின் முகவரிகளும் பழைய படங்களும் வேறு கணினியிற் பத்திரமாகவே இருந்தன. ஆனால் அவற்றுக்குச் செல்லும் வாசல் பிறருடையதாகிவிட்டது.

பெரியோருக்கும் இது நேர்ந்ததுண்டு. 1999ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் பெயரொன்றைப் புதுப்பிக்கத் தவறிற்று. ஹொட்மெயில் நேயர் பலர் தம் அஞ்சலைத் திறக்க இயலாது தவித்தனர். யாரோ ஒரு கணினி வல்லுநர் 35 டொலரைத் தம் பணத்திலிருந்து கட்டி அதனை மீட்டுக் கொடுத்தார்! எல்லோருக்கும் அத்தகைய அயலவர் வாய்ப்பதில்லை.

ஆகவே, உரிமையாளர் என்னும் இடத்திற் சங்கத்தின் பெயரையே எழுதுவித்தல் வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லைச் செயலாளரும் பொருளாளரும் அறிந்திருத்தல் வேண்டும். பதவி மாறும்போது வங்கிப் புத்தகத்தோடு அதனையும் கையளித்துப் புதிதாக மாற்றிவிடுதல் நன்று. தொடர்பு மின்னஞ்சல் அந்தப் பெயரிலேயே அமைந்ததாக இருத்தலாகாது. பெயர் காலாவதியானால் அந்த அஞ்சற் பெட்டியும் அதனோடு மூடிவிடுமன்றோ? வீட்டுத் திறப்பை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்துவது போன்றது அது. உங்கள் பெயர் முடிகிறது, உடனே பணம் அனுப்புக என்று அறியாத நிறுவனங்களிலிருந்து வரும் கடிதங்களையும் நம்பிவிடாதீர்கள். எந்த நிறுவனத்திற் பதிந்தீர்களோ அங்கேயே கணக்கைத் திறந்து பாருங்கள்.

நாம் விழிப்பாயிருந்தும் இடர் வரலாம் என்பதையும் மறைத்தலாகாது. 2021 பெப்ரவரி 6ஆம் நாள் எல்.கே. ஈறுடைய பெயர்கள் சில தாக்குதலுக்கு உள்ளாயின. கூகுளின் இலங்கைப் பக்கத்தை நாடியவர்கள் நாட்டின் சமூகக் குறைகளைப் பேசும் வேறொரு பக்கத்திற்குத் திருப்பப்பட்டனர். அது பதிவகத்தார் காக்க வேண்டிய வாசல். நம் வாசலை நாமே காத்தல் வேண்டும்.

தமிழ் நேயர்களுக்கு இன்னுமொரு செய்தி. 2010 முதல் 'இலங்கை' என்னும் தமிழ்ச் சொல்லே இணையப் பெயரின் ஈறாக அமையும் உரிமை நமக்குண்டு. தமிழில் எழுதிய பெயரைக் கணினி உள்ளுக்குள் ஆங்கில எழுத்து வரிசையாக மாற்றிக் கொள்கிறது. படிப்பவர் கண்ணுக்குத் தமிழே தெரியும். காலி வீதியிற் கடைப் பலகைகளைத் தமிழில் எழுதுவோர், இணையத்தில் ஏனோ இதனை மிகுதியாகப் பயன்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு பெயர் வைத்துக் கொள்ளும் சங்கத்தார், அவற்றுக்கு இரு வேறு முடிவுத் திகதிகள் இருக்கக்கூடும் என்பதறிந்து, இரண்டையும் கூட்டக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி வைப்பார்களாக.