ஆனைக்கொய்யா விதையை எங்கே நடுவது?

(மாதர் குழுவின் ஞாயிறு கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

விறகும் துணியும் காத்திருக்கிற ஞாயிற்றுக்கிழமை. நீட்டமாட்டேன்.

சங்கக் கூட்டத்தில் டீச்சர் ஏன் பழக்கதை பேசுகிறார் என்று சிலர் நினைக்கலாம். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த சுகாதார அளவீட்டில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அது 17. இதுவும் சம்பளக் கதைதான்.

முதலாம் வகுப்பில் பழப் பாடத்தை ஒளவையார் கதையில்தான் தொடங்குவேன். நாவல் மரத்தில் மாட்டுக்காரப் பையனாக முருகன். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்கிறான். விழுந்த பழத்தில் ஒட்டிய மண்ணைப் பாட்டி ஊதுகிறார். "பழம் சுடுதா பாட்டி?" என்று நான் சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். இந்த முறை ஒரு சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. "ஊதினா போதாது டீச்சர், கழுவணும். மலையில மருந்து அடிக்கிறாங்க" என்றாள். அப்பா மருந்து அடிக்கிறவர். மீதிப் பாடம் பீலியடியில் நடந்தது.

பிறகு கைவேலை. பேஷன் புரூட் கோதை இரண்டாக வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, நூல் கட்டி, குச்சியின் இரு முனையிலும் தொங்கவிட்டால் தராசு. கொய்யாப் பிஞ்சு கனமா, ஜம்பு கனமா என்று நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அது கொழுந்து மடுவமாகிவிட்டது. ஒருவன் கணக்கப்பிள்ளை. பழத்தை வாங்கி நிறுத்துவிட்டு, "தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிருக்கு, அடுத்த ஆள் வா" என்றான். ஆறு வயது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தட்டு அசையாமல் நிற்கும்வரை கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று விளையாட்டின் சட்டத்தை மாற்றினேன். பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். பெரியவர்களிடம் இதே சட்டத்தைக் கேட்டுத்தான் எத்தனை கூட்டம் போட்டோம்!

வீட்டுக்கு ஒரு விசயம். கொய்யாவில் தோடம்பழத்தைவிட விற்றமின் சி அதிகம். பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள அது உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத்தண்ணி அதைத் தடுக்கும். நாம் பறித்த கொழுந்துதான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் சோற்றோடு ஒரு துண்டு கொய்யா கொடுங்கள். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.

ஆனைக்கொய்யா விதையை ஈர்க்கால் கீறினால், கீறிய இடம் கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சளாக மாறும். பிள்ளைகள் அதில் தங்கள் பெயரின் முதல் எழுத்தைக் கீறினார்கள். வேறு சில விதைகளை யோகட் கோப்பைத் தண்ணீரில் வைத்தோம். வாரக்கணக்கில் காத்திருந்து, இப்போது ஜன்னலோரம் ஏழு கன்றுகள் நிற்கின்றன.

"எங்க வீட்டுல எங்க டீச்சர் நடுறது?" என்று கேட்கிறார்கள். லயத்து வாசல் தோட்டத்துக் காணி. விதையில் வந்த ஆனைக்கொய்யா காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். அதுவரை யாரும் வெட்டமாட்டார்கள் என்று யார் கையெழுத்துப் போடுவது? காணி உறுதிக்கான நமது கோரிக்கை அப்படியே இருக்கிறது, அதை விடப்போவதில்லை. அது வரும்வரை கன்றுகள் கோப்பையில் காத்திருக்காது.

அதனால் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். லயத்துப் பின்பக்கமும் பிள்ளைக் காம்பராவைச் சுற்றியும் பழமரம் நட எழுத்தில் அனுமதி வேண்டும், நட்ட குடும்பத்துக்கே காய் சேர வேண்டும், இவ்வளவுதான். அந்த மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்து வையுங்கள், புதன்கிழமை தலைவர் பெரிய துரையிடம் கொண்டுபோகிறார். பேஷன் புரூட் சாப்பிட்டால் கோதை எறியாமல் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். இன்னும் நாலு தராசு செய்ய வேண்டும்.