இளைஞர் செவியும் சொல்லிசையும்

(இளைஞர் நலப் பணியில் ஈடுபட்டுள்ள அலுவலர்களின் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்று, முப்பது ஆண்டுகளாக அரசுக் கோப்புகளோடு பழகிவரும் ஒருவனுக்கும் அமெரிக்க ராப் இசைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் மாலை அவன் கேட்டுக்கொண்டிருந்த பாடலின் சில சொற்கள் என் காதில் விழுந்தன. வசைச் சொற்கள் அவை. நான் கோபமுற்று, அவனுடைய கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்று நாட்கள் வீட்டில் பேச்சு இல்லை. நான்காம் நாள் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு முறையாவது முழுவதும் கேட்டீர்களா, அப்பா?"

என்னிடம் விடை இல்லை. கோப்பைப் படிக்காமலேயே குறிப்பு எழுதும் அலுவலர்களை நான் பலமுறை கண்டித்ததுண்டு. அதே தவற்றை என் வீட்டில் நானே செய்திருந்தேன். அதன் பின்னரே இப்பொருள் குறித்துப் படிக்கத் தொடங்கினேன். இளைஞர்களுக்காகத் திட்டம் தீட்டும் உங்களுக்கும் அது பயன்படலாம் என்பதால் இங்கு எடுத்துரைக்கிறேன்.

பிறந்த இடம்

ராப் இசை பிறந்த இடம் நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதி. அப்பகுதியின் பொருளாதார வரலாற்றை அறியாமல் இந்த இசையை அறிய இயலாது. 1930களில் வீட்டுக் கடனுக்காக வரையப்பட்ட வரைபடங்களில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு வண்ணம் தீட்டப்பட்டு, கடன் கொடுக்கத் தகாதவை என ஒதுக்கப்பட்டன. போர் முடிந்த பின் பிராங்க்ஸின் நடுவே ஒரு விரைவுச் சாலை அமைக்கப்பட்டது. அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. தொழிற்சாலைகள் வெளியேறின; வேலைகளும் அவற்றோடு சென்றன. கட்டடங்களைப் பழுது பார்ப்பதைவிடத் தீக்கிரையாக்கிக் காப்பீட்டுத் தொகை பெறுவதே ஆதாயம் எனக் கருதிய உரிமையாளர்களும் இருந்தனர். 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிராங்க்ஸின் மக்கள்தொகை ஏறத்தாழ 14.7 லட்சம். 1980இல் அது 11.7 லட்சமாகச் சுருங்கிவிட்டது. பத்தே ஆண்டுகளில் மூன்று லட்சம் பேர் குறைந்தனர்.

இச்சூழலில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் நெடுந்தெருவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக் கூடத்தில் ஒரு விருந்து நடைபெற்றது. ஏற்பாடு செய்தவர் ஒரு மாணவி. பள்ளி திறக்கும் முன் புதிய உடைகள் வாங்கப் பணம் திரட்டுவதே அவர் நோக்கம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு இயக்கியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா வந்த கிளைவ் கேம்பெல். பின்னாளில் 'டிஜே கூல் ஹெர்க்' என்று அறியப்பட்டவர் அவரே.

பாடலில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆடுவோர் உற்சாகம் கொள்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, அச்சில நொடிகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து நீட்டித்தார். அந்தத் தாளத்தின் மேல் சந்த நயத்துடன் சொற்களை அடுக்கியதே ராப் என்னும் சொல்லிசை.

பொருளாதார மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இதுவே. 1975ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் நியூயார்க் நகரம் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை நீக்கியது. பள்ளிகளில் இசைக் கல்வியும் சுருங்கியது. ஆயினும் வயலினோ பியானோவோ கைக்கெட்டாத இளைஞர்களுக்கு, வீட்டில் கிடந்த பழைய இசைத்தட்டும் சொந்தக் குரலும் மூலதனமாயின. குறைந்த மூலதனத்தில் தொடங்கக்கூடிய கலை இது. இளைஞர் இதை நாடியதற்கு முதற்காரணம் இந்த எளிமையே.

இளம் வயதும் சொல்லும்

இரண்டாவது காரணம் வயதின் இயல்பு. பதின்பருவத்தினன் இரண்டு பொருள்களைத் தேடுகிறான். ஒன்று, தன் பெயரையும் தன் தெருவையும் பிறர் அறிய வேண்டும் என்பது. மற்றொன்று, பெரியோர் எளிதில் நுழைய முடியாத ஒரு மொழி. ராப் இவ்விரண்டையும் தருகிறது. பாடகன் தன் பெயரையும் ஊரையும் சொல்லியே பாடுகிறான். அவனுடைய வேகமும் கொச்சையும் மூத்தோரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. என்னை நிறுத்தியதும் அதுவே.

ஆனால் வாசலுக்கு உள்ளே வசை மட்டும் இல்லை. 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் வெளியிட்ட 'தி மெசேஜ்' பாடல், குப்பையும் கடனும் வேலையின்மையும் சூழ்ந்த ஒரு நகர வாழ்வின் படப்பிடிப்பாகும். புள்ளிவிவர அறிக்கைகள் பல பக்கங்களில் சொன்னதை அது ஏழு நிமிடங்களில் சொல்லிற்று.

நிறமும் சந்தையும்

இனி, நிறப் பாகுபாடு குறித்த கேள்விக்கு வருவோம். கறுப்பின இளைஞரின் இந்த இசை, வெள்ளையர் வாழும் புறநகர்ப் பிள்ளைகளின் அறைகளுக்குள் எவ்வாறு சென்றது?

1981இல் தொடங்கப்பட்ட எம்டிவி தொலைக்காட்சி, தன் தொடக்க ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்களின் படங்களை மிக அரிதாகவே ஒளிபரப்பியது. 1983இல் மைக்கேல் ஜாக்சனின் பாடல்கள் அந்தத் தடுப்பைத் தளர்த்தின. 1986இல் ரன்-டிஎம்சி குழு ஏரோஸ்மித் என்ற வெள்ளையர் ராக் குழுவினருடன் இணைந்து பாடியது. 1988இல் எம்டிவி ராப் இசைக்கென்றே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது.

1991இல் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை பில்போர்டு இதழின் விற்பனைப் பட்டியல், கடைக்காரர்கள் தொலைபேசியில் சொல்லும் மதிப்பீட்டைக் கொண்டே தயாரிக்கப்பட்டு வந்தது. அவ்வாண்டு மே மாதம் முதல், கடைகளில் பதிவாகும் உண்மையான விற்பனைக் கணக்கு கையாளப்பட்டது. சில வாரங்களிலேயே லாஸ் ஏஞ்சலஸ் பகுதியைச் சேர்ந்த என்.டபிள்யூ.ஏ. குழுவின் இசைத்தொகுப்பு முதலிடத்தைப் பிடித்தது. அளவுகோல் மாறியதும், கண்ணுக்குப் புலப்படாதிருந்த ஒரு சந்தை வெளிப்பட்டது. புள்ளிவிவரத் துறையினர் மறக்கக் கூடாத பாடம் இது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. ராப் பகுதி கொண்ட பாடல்களுள் பில்போர்டு தனிப்பாடல் பட்டியலில் முதலில் முதலிடம் பெற்றது 1981இல் வெள்ளையரான பிளாண்டி குழுவினரின் பாடல். முழு ராப் பாடல் என்ற வகையில் 1990இல் முதலிடம் பெற்ற வனில்லா ஐஸும் வெள்ளையரே. கலையைப் படைத்தவர் ஒருவர், அதன் முதல் விளைச்சலை அறுத்தவர் மற்றொருவர் என்ற நிலை அங்கும் இருந்தது.

சந்தை பெருகியபோது, எந்தக் குரல் உரக்க ஒலிக்க வேண்டும் என்பதைச் சந்தையே தீர்மானிக்கத் தொடங்கியது. அரசியல் பேசிய குழுக்கள் இருந்தன. நகைச்சுவையும் தத்துவமும் பாடியோர் இருந்தனர். எனினும் துப்பாக்கியும் போதைப்பொருளும் பெண்களை இழிவுபடுத்தும் சொற்களும் மிகுந்த விற்பனை கண்டபோது, நிறுவனங்கள் அவற்றையே மேலும் நாடின. 1996ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுவதிலும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை நீக்கியது. சில ஆண்டுகளில் ஒரு நிறுவனத்தின் கையில் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. வாய்கள் பெருகின, அவை பாடிய பாட்டோ ஒன்றேயாயிற்று.

பாட்டு பிள்ளையைக் கெடுக்கிறதா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவில் 1985இல் பாடல் வரிகள் குறித்து செனட் சபைக் குழு விசாரணை நடத்தியது. எச்சரிக்கைச் சீட்டுகள் ஒட்டும் வழக்கம் அதன் விளைவே. 1994இல் ராப் இசை குறித்தே விசாரணைகள் நடைபெற்றன. இதற்காகக் குரல் எழுப்பியோரில், உரிமைப் போராட்டங்களில் பங்கு கொண்ட கறுப்பினத் தலைவர் டெலோரஸ் டக்கரும் ஒருவர். அவருடைய கவலையை வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பெண்ணை இழித்துப் பேசும் பாடல், எந்த நிறத்தவர் பாடினாலும் இழிவானதே.

ஆயினும் பாட்டு கேட்டதனால் வன்முறை பெருகிற்று என்ற முடிவுக்குப் புள்ளிவிவரங்கள் இடம் தரவில்லை. 1991இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பேருக்கு 9.8 கொலைகள் நிகழ்ந்தன. 2000இல் அது 5.5 ஆகக் குறைந்தது. ராப் இசை நாடெங்கும் பரவிய ஆண்டுகளும் இவையே. பாட்டினால் கொலை குறைந்தது என்று நான் கூறவில்லை. அதுவும் பிழையான வாதமே. பாட்டே காரணம் என்ற எளிய விளக்கம் நிலைக்காது என்று மட்டும் கூறுகிறேன்.

ஊடகத்தின் உண்மையான தாக்கம் வேறோர் இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புறநகரில் வாழும் வெள்ளையினச் சிறுவனைப் பாட்டு கொலைகாரனாக்கிவிடுவதில்லை. ஆனால், கறுப்பின அண்டை வீட்டாருடன் ஒரு நாளும் பழகியிராத அவனுக்கு, கறுப்பினத்தவர் இப்படிப்பட்டவர் என்ற சித்திரத்தை அதுவே வரைந்து கொடுத்துவிடுகிறது. பாடகன் புனைந்த பாத்திரத்தை அவன் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறான்.

இது கற்பனை அச்சம் அன்று. அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகள் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக முன்வைக்கப்பட்டதுண்டு. கொலையைப் பற்றி நாவல் எழுதியவரிடம் எவரும் கேட்காத கேள்வி, பாட்டு எழுதிய கறுப்பின இளைஞனிடம் கேட்கப்படுகிறது. இதனைக் கட்டுப்படுத்தக் கலிபோர்னியா மாநிலம் 2022இல் ஒரு சட்டம் இயற்றியது. அதே கலையின் மறுபக்கத்தையும் பாருங்கள்: 2018இல் கென்ட்ரிக் லாமர் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். செவ்வியல், ஜாஸ் ஆகிய இரண்டிற்கும் வெளியே அப்பரிசு சென்றது அதுவே முதல் முறை.

நமக்குரிய பாடம்

தடை செய்தால் என்ன நேரும் என்பதற்கு நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. 1952இல் டாக்டர் கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்தபோது, திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன எனக் கருதப்பட்டு, அகில இந்திய வானொலியில் ஏறக்குறைய அவை இல்லாமலே போயின. நேயர்கள் ரசனையை மாற்றிக்கொள்ளவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டபோது, அரசு தன் நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அன்று ஒரு முள்ளைத் திருப்பினால் போதும்; இன்று ஒரு விரல் அசைந்தாலே போதும்.

இக்கலை நம் மண்ணிலும் வேர் விட்டுள்ளது. மலேசியத் தமிழரான யோகி பி குழுவினர் 2006இல் தமிழிலேயே ராப் தொகுப்பு வெளியிட்டனர். 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் இணைத்துச் சாதிக் கொடுமையைப் பாடிற்று. ஒதுக்கப்பட்டோர் பேசுவதற்குக் கண்ட கருவி, கடல் கடந்தும் அதே பணியைச் செய்கிறது.

எனவே உங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. உங்கள் பகுதியில் இளைஞர் இத்தகைய பாடல்களைப் பாடினால், முதலில் முழுவதும் கேளுங்கள். இரண்டாவதாக, அவர்கள் பாடுவதற்கு ஓர் அறையும் ஒரு ஒலிவாங்கியும் கொடுங்கள். இதைவிடச் செலவு குறைந்த இளைஞர் நலத் திட்டம் வேறில்லை. மூன்றாவதாக, இழிவான வரியை இழிவு என்று சொல்லத் தயங்காதீர்கள். ஆனால் கேட்ட பின்னர்ச் சொல்லுங்கள்.

என் மகனுடன் அமர்ந்து அந்தப் பாடலை முழுவதும் கேட்டேன். சிறையிலிருந்து திரும்பிய அண்ணனுக்கு ஒரு தம்பி சொல்லும் சொற்கள் அவை. பெண்களைப் பற்றிய இரு வரிகள் மட்டும் எனக்கு ஒப்பவில்லை, அதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "எனக்கும் அந்த இடம் பிடிக்காது, அப்பா. ஆனால் நீங்கள் பூட்டி வைத்தபோது அதை உங்களிடம் சொல்லத் தோன்றவில்லை" என்றான்.

அலமாரியில் நான் பூட்டி வைத்தது கைப்பேசியை மட்டுமன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.