சத்தமில்லாத சாதகம்



"பொறியியல் சம்பந்தமா ஏதாவது பேசுங்க" என்றார் செயலாளர். கிதாரைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்படாதீர்கள், வாசிக்க மாட்டேன்.

இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் தனி வழியில் நடந்து போவதைக் கேட்டு நம்மில் பலர் அந்தக் கருவியை வாங்கினோம். ஆனால் தஞ்சாவூர் வீதிகளில் பழைய வீடுகளுக்குப் பொதுச்சுவர்தான். ராத்திரி பத்து மணிக்கு ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் முதல் நாள் பக்கத்து வீட்டில் இருமல், இரண்டாம் நாள் கதவு தட்டல், மூன்றாம் நாள் கிதார் பரணில். வேலைக்குப் போகிறவனுக்கு ராத்திரியை விட்டால் வேறு நேரமும் கிடையாது. பல பேருடைய சங்கீதம் இப்படித்தான் நின்று போகிறது. ஞானம் இல்லாததால் அல்ல.

நம் ஊர் வீணைக்குப் பலாமரக் குடம் இருக்கிறது. தந்தியின் அதிர்வை அதுவே பெரிதாக்கும். எலக்ட்ரிக் கிதார் இதற்கு நேர் எதிர். கெட்டியான மரக்கட்டை. தந்திக்கு அடியில் உள்ள காந்தமும் கம்பிச் சுருளும் எஃகுத் தந்தியின் அசைவை மின்சாரமாக்குகின்றன. அப்படியானால் ஒயரே மாட்டாமல் பழகலாமே என்பீர்கள். பழகலாம்; ஆனால் காதில் விழவில்லை என்று வலது கை ஓங்கி அடிக்க ஆரம்பிக்கும். தொடக்கூடாத தந்தி முனகுவதும் தெரியாது. மேடையேறும்போது இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் நம்மைப் போல ஒரு பொறியாளர்தான். டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் மெக்கானிகல் படித்தவர், போலராய்டில் வேலை பார்த்தவர், பாஸ்டன் என்ற இசைக்குழுவின் தலைவர். 1982-இல் இடுப்பில் செருகிக்கொள்ளும் 'ராக்மேன்' பெட்டியைக் கொண்டுவந்தார். ஹெட்போனில் மட்டும் கேட்கும். இன்று கிதாரின் ஜாக்கிலேயே செருகும் தீப்பெட்டி அளவுக் கருவிகள் வந்துவிட்டன.

உள்ளே என்ன இருக்கிறது? கிதாரின் சிக்னல் மெலிந்தது. அதை வாங்கும் வாசல் ஒரு மெகா ஓம் அளவு இருக்க வேண்டும். மொபைலின் மைக் வாசலில் நேராகக் கொடுத்தால் மேல் ஸ்தாயி மழுங்கிவிடும். அடுத்தது பலர் கவனிக்காத விஷயம்: கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஊமை. ஹெட்போன் அப்படியல்ல. அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்டார்ஷனைக் கேட்டால் தகர டப்பாவில் வண்டு அடைபட்டது போல இருக்கும். நல்ல பெட்டி, மட்டமான பெட்டி என்ற வித்தியாசமே இங்கேதான்.

புளூடூத் ஹெட்போன் வேண்டாம், தம்பி. சாதாரண வகையில் ஒலி 0.2 விநாடி வரை தாமதமாக வரும். பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் ஒருவர் வாசித்து, நீங்கள் கீழே நின்று கேட்டால் எவ்வளவு தாமதமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. தாளம் நிற்குமா? ஒயர்தான் நல்லது.

பேஸ்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். அதன் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். செங்கல் சுவர் கீச்சுக்குரலை மடக்கும், இதை அவ்வளவாக மடக்காது. சின்ன ஸ்பீக்கரில் அந்தச் சுரம் வரவே வராது. காதோடு ஒட்டிய ஹெட்போனில் வரும்.

வீணை படிக்கும் தங்கை ஒருவர் தனக்கும் உண்டா என்று காலையில் கேட்டார். பித்தளைத் தந்தியைக் காந்தம் உணராது; ஒட்டும் மைக்தான் வேண்டும். அதை ஒட்டினாலும் குடம் சும்மா இருக்குமா? வீணைக்கு அது மேடைக்கு உதவும், ராத்திரிக்கு அல்ல.

காது விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 85 டெசிபல் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பக்கத்து வீட்டுக்காரர் இல்லாததால் ஹெட்போனில் கதவு தட்ட ஆளில்லை.

எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் இதை வாங்க வேண்டியதே இல்லை. முன்பகுதிக்கு டி.எல்.072, ஹெட்போனைத் தள்ள எல்.எம்.386, ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஹெட்போனுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் போடாமல் மாட்டாதீர்கள். அந்தச் சில்லுக்குக் காதைப் பதம் பார்க்கும் பலம் உண்டு. சர்க்யூட் படம் பையில் இருக்கிறது. வேண்டியவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.