மாடு திடீரென்று தள்ளாடினால்...

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் சோளமும் குச்சிக்கிழங்கும் நமக்கு வருமானம். மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் தீனி. ஆனால் சில வேளைகளில் இவையே நஞ்சாகி, ஒரு மணி நேரத்திற்குள் கால்நடையைச் சாய்த்துவிடுகின்றன. நான் உழவியல் ஆசிரியன். கால்நடை மருத்துவன் அல்லன். எனினும் இந்த நஞ்சு பிறக்குமிடம் நம் வயல் என்பதால் பேச வந்தேன்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் பசு ஒன்று சோள மறுதாம்பை மேய்ந்து வந்து தள்ளாடியது. கண்ணேறு என்று எண்ணி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டோம். பிறகே மருத்துவருக்கு ஆள் அனுப்பினோம். அவர் வருவதற்குள் மாடு இறந்துவிட்டது. முதலிலேயே அழைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும்.

இளஞ்சோளத்திலும், குச்சிக்கிழங்கின் இலை, தோல் ஆகியவற்றிலும் ஹைட்ரோசயனிக் அமிலத்தை உண்டாக்கும் பொருள்கள் உள்ளன. மாடு மெல்லும்போது அமிலம் வெளிப்படுகிறது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடல் அதைப் பயன்படுத்த முடியாமற் போகிறது. வறட்சியில் குன்றிய பயிர், மழைக்குப் பின் துளிர்த்த மறுதாம்பு, பூக்காத இளம்பயிர் ஆகியவற்றில் ஆபத்து மிகுதி. சேகோ ஆலைக்குப் பயிரிடும் கசப்பு ரகக் குச்சிக்கிழங்கிலும் நஞ்சு கூடுதல்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய நிலைகள்:

1. தின்ற சில நிமிடங்களிலோ, ஓரிரு மணி நேரத்திலோ மூச்சு வாங்குதல், எச்சில் ஒழுகுதல், நடுக்கம், தள்ளாட்டம், கீழே விழுதல். இமையைப் புரட்டினால் உட்புறம் செக்கச்செவேலென்று இருக்கலாம்.

2. இடப்புற வயிறு உப்பி மூச்சுத் திணறுதல். இது வேறு கோளாறு. ஆனால் அவசரம் ஒன்றே.

3. ஒன்றாக மேய்ந்தவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் சோர்தல்.

ஒருவேளைத் தீனியைக் குறைத்தாலும் மாடு அசைபோட்டு, தண்ணீர் குடித்து, இயல்பாக நின்றால் மறுநாள் காலை வரை கவனிக்கலாம். அசைபோடுவது நின்றால் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவர் வரும்வரை மாட்டை ஓட்டாமல், நடத்தாமல் நிழலில் நிறுத்துங்கள். மற்றக் கால்நடைகளை அந்த வயலிலிருந்து விலக்குங்கள். தள்ளாடும் மாட்டின் வாயில் மோரோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். 1962 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அழைக்கலாம். என்ன தின்றது, எப்போது தின்றது, எத்தனை கால்நடைகள் தின்றன என்று முதலிலேயே சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு. சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் இரத்த நாளத்தில் ஊசியாகச் செலுத்தப்படுகின்றன. அளவு தவறினால் மருந்தே கெடுதல். ஆகவே மருத்துவர்தான் போட வேண்டும்.

வருமுன் காக்க வழி எளிது. தீவனச் சோளத்தைப் பூத்த பிறகே அறுங்கள். வாடி நின்ற சோளத்திலும் மறுதாம்பிலும் மேயவிடாதீர்கள். குச்சிக்கிழங்கு இலையையும் தோலையும் நறுக்கி, வெயிலில் நன்றாக உலர்த்திய பின்னரே, மற்றத் தீவனத்துடன் சிறிதளவு கலந்து கொடுங்கள். பசியோடு இருக்கும் ஆட்டை வெட்டிய கிழங்குக் காட்டில் அவிழ்த்துவிடாதீர்கள்.

கண்ணேறு கழிப்பதை மாடு பிழைத்த பிறகும் செய்துகொள்ளலாம். முதலில் மருத்துவரை அழையுங்கள்.