மூன்று கொடிகள், ஒரு பெண்

(மகளிர் அணி நடத்திய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம். முழுவதும் படியுங்கள், பகிருங்கள்.)



"நேரமாச்சு, சுருக்கமா பேசுங்க"ன்னு இப்பவே ஒரு சீட்டு வந்திருச்சு. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். இன்னைக்கு நான் ஒரே ஒரு பெண்ணைப் பத்தித்தான் பேசப் போறேன். பேரு கிமியா அலிசாதே. ஈரான் நாட்டுக்காரங்க. தலைநகர் தெஹ்ரானுக்குப் பக்கத்துல கராஜ்னு ஒரு ஊர், அங்க 1998-ல பிறந்தவங்க. விளையாட்டு டேக்வாண்டோ. காலைத் தூக்கி எதிராளியோட மார்புலயும் தலையிலயும் உதைக்கிற சண்டை விளையாட்டு. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

2016, ரியோ ஒலிம்பிக். அப்ப அவங்களுக்கு வயசு பதினெட்டு. 57 கிலோ எடைப்பிரிவுல வெண்கலம் வாங்கினாங்க. ஈரான் எத்தனையோ ஒலிம்பிக்குல கலந்துக்கிட்ட நாடு. மல்யுத்தத்துலயும் பளு தூக்குறதுலயும் பதக்கம் குவிச்ச நாடு. ஆனா ஒரு ஈரானியப் பெண் ஒலிம்பிக் பதக்கம் வாங்கினது அதுதான் முதல் தடவை. ஹெல்மெட்டுக்கு அடியில் தலைமுடியை மூடின துணியோட அந்தப் பொண்ணு மேடையில நின்னாங்க. அன்றைய அதிபர் ரூஹானியே "மகளே" என்று அழைத்து வாழ்த்தினார். நாடே கொண்டாடியது.

மூன்றரை வருஷம் கழிச்சு, 2020 ஜனவரியில, அந்த மகள் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டாங்க. நாட்டை விட்டு நிரந்தரமா வெளியேறிட்டேன் என்று.

ஏன்? பணத்துக்கா? ஐரோப்பாவுல யாராவது பெரிய பதவி தர்றேன்னு கூப்பிட்டாங்களா? இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்று அந்தப் பதிவிலேயே எழுதினார். ஈரானில் ஒடுக்கப்பட்ட லட்சோப லட்சம் பெண்களில் நானும் ஒருத்தி என்றார். கூட்டிட்டுப் போன இடத்துக்கெல்லாம் போனேன், போடச் சொன்னதைப் போட்டேன், சொல்லச் சொன்னதைச் சொன்னேன். நான் வாங்கின பதக்கத்தைக் கட்டாய முக்காட்டுக்கும் தங்கள் நிர்வாகத் திறமைக்கும் கணக்கு எழுதிக்கிட்டாங்க என்றார்.

இன்னொன்றும் எழுதினார் தோழர்களே. ஒரு பெண் காலை அகட்டுவது ஒழுக்கமில்லை என்று தன்னிடம் சொன்னார்களாம். காலைத் தூக்கி உதைக்கிறதுதான் அந்த விளையாட்டே! அந்தக் கால் வாங்கிக் கொடுத்த பதக்கம் வேணும், அந்தக் கால் மட்டும் அடக்கமா இருக்கணும். இது எந்த ஊர் நியாயம்?

இதை ஒரு பொண்ணோட மனவருத்தம்னு நினைச்சுக் கடந்து போயிடாதீங்க. இதுக்குப் பின்னாடி சட்டம் இருக்கு.

1979-ல் புரட்சி நடந்து மன்னராட்சி ஒழிந்தது. அந்தப் புரட்சியில் பெண்களும் தெருவில் நின்றார்கள். ஆனால் ஒரு மாதம்கூடப் போகவில்லை, அரசு அலுவலகத்துக்கு வரும் பெண்கள் முக்காடு போட வேண்டும் என்று கோமெய்னி சொன்னார். மறுநாள் மார்ச் 8, உலகப் பெண்கள் தினம். தெஹ்ரான் வீதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள். சில நாள் போராட்டம் நடந்தது. கடைசியில், 1983-ல் பொது இடத்தில் முக்காடு இல்லாமல் வந்தால் 74 சாட்டையடி என்று சட்டமே வந்துவிட்டது.

கல்யாணமான பெண் பாஸ்போர்ட் வாங்க வேண்டும் என்றால் கணவன் சம்மதம் வேண்டும். இதுவும் அங்கே சட்டம். 2015-ல் பெண்கள் ஃபுட்சால் அணியின் கேப்டன் நிலூஃபர் அர்தலானுக்கு என்ன ஆச்சு தெரியுமா? மலேசியாவில் ஆசியப் போட்டி. கணவர் பாஸ்போர்ட்டுக்குச் சம்மதிக்கவில்லை. பையனுக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிற நாளாம், அம்மா வீட்டில் இருக்க வேண்டுமாம். கேப்டன் இல்லாமலே அணி விமானம் ஏறியது.

தெஹ்ரானில் ஒரு பெரிய கால்பந்து மைதானம் இருக்கு. பேரு "ஆசாதி". தமிழ்ல சொன்னா "விடுதலை". பல பத்தாண்டுகளா அந்த விடுதலை மைதானத்துக்குள்ள ஆண்கள் ஆடுற ஆட்டத்தைப் பார்க்கப் பெண்களுக்கு அனுமதி இல்லை. 2019-ல் சஹர் கோதாயாரி என்ற இளம்பெண் ஆண் வேடம் போட்டு ஆட்டம் பார்க்கப் போய் மாட்டிக்கிட்டாங்க. சிறைத் தண்டனை வரும் என்று கேள்விப்பட்டு நீதிமன்ற வாசலிலேயே தீக்குளித்து உயிரை விட்டாங்க. ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டதற்கு ஓர் உயிர். அதற்கப்புறம் உலக நெருக்கடி வந்த பிறகுதான், 2019 அக்டோபர் 10 அன்று கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்குப் பெண்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போக முடிந்தது.

இப்படிப்பட்ட நாட்டில் இருந்துதான் கிமியா வெளியே வந்தார்.

சரி, வெளியே வந்ததும் எல்லாம் கிடைச்சிருச்சா? வாட்ஸ்அப்பில் வர்ற கதைகளில் அப்படித்தான் இருக்கும். விமானம் இறங்கினாங்க, முக்காட்டைக் கழட்டி வீசினாங்க, சுபம். வாழ்க்கை அப்படி இல்லைங்க. அவங்க போய்ச் சேர்ந்தது ஜெர்மனி. பாஷை புதுசு. வீடு இல்லை, பயிற்சிக் கூடம் இல்லை, ஆடுறதுக்கு ஒரு நாடு இல்லை. ஒலிம்பிக் பதக்கம் வாங்கினவங்க, ஆனா கையில இருக்கிற காகிதத்துல "அகதி"ன்னு எழுதியிருக்கு. பிறந்த மண்ணைப் பிரிகிற வலியை ஏற்றுக்கொள்கிறேன், இந்த முடிவு ஒலிம்பிக் தங்கம் வாங்குவதை விடக் கடினம் என்று அவரே எழுதியிருந்தார். எங்கே இருந்தாலும் நான் ஈரானின் மகள்தான் என்றும் எழுதினார்.

அகதி என்ற சொல்லுக்கு நமக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம். 1983-க்குப் பிறகு படகேறி வந்த நம் உறவுகளைப் பார்த்த கரை இது. உயிர் தப்புவது ஒன்று, தலை நிமிர்ந்து வாழ்வது இன்னொன்று என்று நமக்குத் தெரியும்.

2021, டோக்கியோ ஒலிம்பிக். அகதிகளுக்கென்று ஒலிம்பிக் கமிட்டி ஓர் அணி அமைத்திருந்தது. 2016-ல் பத்துப் பேரோடு தொடங்கிய அணி, டோக்கியோவில் 29 பேர். அந்த அணியில் கிமியாவுக்கு இடம் கிடைத்தது. இந்த முறை தலையில் துணி இல்லை. முதல் ஆட்டத்தில் எதிரே வந்தது யார் தெரியுமா? ஈரானின் நஹித் கியானி. ஒரே தேசிய அணியில் இருந்த தோழி. விதி எப்படி விளையாடுது பாருங்க! கிமியா ஜெயிச்சாங்க. அடுத்த ஆட்டத்தில் ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கின பிரிட்டனின் ஜேட் ஜோன்ஸை 16-க்கு 12 என்று வீழ்த்தினாங்க. அரங்கமே அதிர்ந்தது. அரையிறுதியில் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் தோற்று, கையெட்டும் தூரத்தில் பதக்கம் நழுவியது.

டேக்வாண்டோவில் ஒரு விதி உண்டு. உங்களைத் தோற்கடித்தவர் இறுதிப் போட்டி வரை போனால், உங்களுக்கு வெண்கலத்துக்குப் போராட மறுவாய்ப்பு உண்டு. டோக்கியோவில் கிமியா இறுதிக்குப் போகவில்லை, அதனால் நஹித்துக்கு வழி அடைந்து போனது.

2024, பாரிஸ். அதே 57 கிலோ. இப்போ கிமியா பல்கேரியாவின் குடிமகள், அந்த நாட்டுக் கொடியோடு வந்திருக்காங்க. எதிரே மறுபடியும் நஹித். இந்த முறை நஹித் ஜெயிச்சாங்க. அதோட நிற்காமல் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து இறுதிப் போட்டிக்கே போயிட்டாங்க. அந்த வெற்றி கிமியாவுக்குக் கதவைத் திறந்தது. மறுவாய்ப்பில் வந்து வெண்கலம் வென்றார். நஹித்துக்கு வெள்ளி. ஈரானியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் வெள்ளி அது. ஒரே மேடையில் ரெண்டு பேர். முக்காடு போட்டு ஈரானுக்காக ஒருத்தர், முக்காடு இல்லாமல் பல்கேரியாவுக்காக ஒருத்தர்.

இந்தக் காட்சியை வச்சுத்தான் மூணு விஷயம் சொல்லணும்னு வந்தேன்.

முதலாவது. அந்த மேடையில் இருந்த ரெண்டு பெண்ணில் யார் சுதந்திரமானவர் என்று துணியை வைத்து அளக்காதீர்கள். 1936-ல் இதே ஈரானில் ரெசா ஷா என்ற மன்னர் முக்காட்டுக்குத் தடை போட்டார். போலீஸ்காரன் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பிடித்து இழுத்தான். வீட்டை விட்டு வெளியே வரக் கூசி முடங்கிய பெண்கள் ஏராளம். அன்றைக்குக் கழட்டு என்றான், பிறகு போடு என்றான். ரெண்டு தடவையும் அவளைக் கேட்கவே இல்லை. ஏன், அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் தன் சொந்த வீராங்கனைகள் முக்காடு போடக் கூடாது என்றது. சுங்கம்பா சில்லா என்ற ஓட்ட வீராங்கனை கடைசியில் தொப்பி போட்டுக்கொண்டுதான் தொடக்க விழாவில் கலந்துகொள்ள முடிந்தது. போடுவதும் விடுவதும் அவளுடைய முடிவு. கிமியா கேட்டது அந்த உரிமையைத்தான்.

ஆகவே கிமியாவின் கதையை எடுத்து, இங்கே முக்காடு போட்டுக் கல்லூரிக்குப் போகிற நம்ம வீட்டுப் பிள்ளை மேல் கல்லாக எறிய யாராவது வந்தால், விடாதீர்கள். அது கிமியாவுக்குச் செய்கிற துரோகம்.

இரண்டாவது. பெண்ணை விடுவிக்கிறேன் என்று சொல்லி வெளியிலிருந்து குண்டு போடுகிறவர்களையும் நம்பாதீர்கள். 2025 ஜூன் 23 அன்று இஸ்ரேல் தெஹ்ரானின் எவின் சிறை மீது குண்டு வீசியது. அரசை எதிர்த்த பெண்களை அடைத்து வைத்திருந்த அதே சிறை. கைதிகள், கைதிகளைப் பார்க்க வந்தவர்கள், ஊழியர்கள் என்று பலர் செத்தார்கள். உள்ளே இருந்து அடக்கியது ஒரு கை, மேலே இருந்து எரித்தது இன்னொரு கை. நடுவில் மாட்டிக்கொண்டது அந்தப் பெண்கள்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். போனவர்களைப் பேசும்போது இருப்பவர்களை மறக்கக் கூடாது. ஈரானியப் பெண் என்றால் அழுதுகொண்டு மூலையில் கிடப்பவள் என்று எண்ணாதீர்கள். படிப்பில் முன்னால் நிற்பவர்கள், பல்கலைக்கழகங்களை நிறைத்தவர்கள். 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி என்ற 22 வயது குர்திஷ் பெண்ணை, முக்காடு சரியில்லை என்று ஒழுக்கப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் பிணமானார். அதன்பின் ஊர் ஊராகப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். "பெண், வாழ்வு, விடுதலை" என்ற முழக்கம் உலகம் முழுவதும் கேட்டது. நர்கீஸ் முகமதிக்கு 2023-ல் அமைதிக்கான நோபல் பரிசு அறிவித்தபோது அவர் எவின் சிறையில் இருந்தார். பரிசை வாங்க ஓஸ்லோ மேடையில் ஏறியது பாரிஸில் வளரும் அவருடைய இரட்டைப் பிள்ளைகள். அம்மா சிறையில், பிள்ளைகள் அந்நிய மண்ணில். பிள்ளைகள் படித்தது அம்மா சிறையிலிருந்து எழுதி அனுப்பிய உரை.

கிமியா புது நாட்டில் பெற்ற சுதந்திரம் உண்மையானது. தன் பெயரில், தன் கையெழுத்தில் வாழும் வாழ்க்கை. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை அம்மா, அப்பா, ஊர், மொழி. தன் உடம்பு தனக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு பெண் எல்லை தாண்ட வேண்டியிருக்கிறது என்றால், வெட்கப்பட வேண்டியது அவளை அனுப்பி வைத்த ஆட்சி. சொந்த ஊரிலேயே அந்த வாழ்க்கை கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் அங்கே இருக்கும் பெண்கள் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

உங்ககிட்ட நான் கேட்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, இந்தக் கதையைப் பகிரும்போது பாதியை மட்டும் வெட்டிப் பகிராதீங்க. 1936-ஐயும் சொல்லுங்க, 1983-ஐயும் சொல்லுங்க, எவின் சிறையையும் சொல்லுங்க. ரெண்டாவது, வீட்டுக்குப் போனதும் உங்க பொண்ணு விளையாடப் போறேன்னு கேட்டா, "யாரு கூட, எதுக்கு, இந்த டிரெஸ்லயா"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கிமியாவை நினைச்சுக்கோங்க. பாஸ்போர்ட் ஆபீஸ்ல உக்காந்திருக்கிற சட்டத்தைத் திட்டுறது சுலபம். திண்ணையில உக்காந்திருக்கிற சட்டத்தைத் திட்டத்தான் துணிச்சல் வேணும்.

பெண், வாழ்வு, விடுதலை.



#பெண்_வாழ்வு_விடுதலை #மகளிர்_அணி